வைரஸ் டியூபில் ஆட்டு முடி

போன மாசி மாதம் வரைக்கும் மாத்தளை டவுனில் என்னை நாவுல ஊர்ப் பள்ளிக்கூடத்து பயாலஜி டீச்சர் என்றுதான் தெரியும். இப்போது த்ரீவீல் ஸ்டாண்டில் என் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, ஆட்டு டீச்சரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்லுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் நாலு ஆட்டைச் சேர்த்துவிடுவார்கள்.

எனக்கு வயது நாற்பத்தேழு. இந்த வயதில் படிப்பு லீவு எடுத்துக்கொண்டு கண்டியில் ஒரு லேபில் ஆராய்ச்சி செய்யப் போனேன். அதற்குக் காரணம் றிப்னா என்ற பிள்ளை. ஏ லெவல் வகுப்பில் வைரஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சில வைரஸ்கள் உடம்புக்குள் போனதும் நோயைக் கொடுக்காமல் செல்லுக்குள் படுத்துத் தூங்கிவிடும் என்று சொன்னேன். அவள் எழும்பி, "அப்ப எழும்பினவொடன மொதல்ல என்னா செய்யும் டீச்சர்?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் இருந்த ஒற்றை வரியைச் சொன்னேன். அவளுக்கும் அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

நான் எடுத்துக்கொண்ட வைரஸ் ஹெர்பெஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கபோசி சார்கோமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது, அதோடு சம்பந்தப்பட்டது. செல்லுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும். எழும்பிவிட்டால் தன்னைத்தானே பிரதி எடுக்க ஆரம்பிக்கும். பிரதி எடுக்க அதற்கு வேலையாட்கள் வேண்டும். அந்த வேலையாட்கள்தான் புரதங்கள். எழும்பிய வைரஸ் என்னென்ன புரதங்களைச் செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

என் வீட்டுக்காரர் கணபதி, பலாப்பத்வலப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைடு. வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயையும் கறுவாப்பட்டையையும் காட்டி, ஜெர்மன்காரன் வந்தால் ஜெர்மனில் இரண்டு வார்த்தை, பிரெஞ்சுக்காரன் வந்தால் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசுகிறவர். அவருக்கு இதை விளக்க நான் பட்ட பாடு பெரிது.

"தூங்குற வைரஸ் உள்ள செல்ல ரெண்டு பங்கா பிரிப்போம். ஒரு பங்குக்கு மருந்து ஊத்தி வைரஸ எழுப்பி விடுவோம். மத்தத அப்பிடியே தூங்க விடுவோம். பொறகு ரெண்டையும் ஒடச்சி, உள்ளுக்கு இருக்கிற புரதத்த எல்லாம் ஜெல்லுல ஓட விடுவோம். பெரிசு மேல நிக்கும், சின்னது கீழ ஓடும். நீலக் கோடு கோடா தெரியும். அந்தக் கோட்ட வெட்டி, துண்டு துண்டா நறுக்கி, கொழும்புல ஒரு மெசினுக்கு அனுப்பினா, மெசின் துண்டுகள நிறுத்துப் பாத்து இது இன்ன புரதம்னு சொல்லும்."

"அப்ப, அரைச்ச கறித்தூள மோந்து பாத்து, இதுல மல்லி இருக்கு, சீரகம் இருக்குன்னு சொல்ற மாதிரி."

"அப்பிடித்தான்னு வச்சிக்குங்களேன்."

"அதுக்கு எதுக்குடி கொழும்பு? நான் மோந்து பாக்கிறேன்."

இப்படித்தான் பேசுவார். ஆனால் நான் விடிய எழும்பி கண்டி பஸ்ஸுக்கு ஓடுகிற நாளெல்லாம் சோறு கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

என் சூப்பர்வைசர் டாக்டர் நூருன்னிஸா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், மாத்தளைக்காரர். பரபரப்பில் பேசும்போது அவர் வாயில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகிவிடும். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். லேபில் இருந்த பொடிப் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

என் லீவு முடியப் போகிற நேரம் அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், ஒளிக்காமச் சொல்றேன். மாசிப் பௌர்ணமிப் போயா லீவுக்கு மத்த நாள் பீடக் கூட்டம். எழும்பின செல்லுல வைரஸோட புரதம் ஒண்ணாச்சும் கண்டுபிடிச்சோம்னு நான் காட்டணும். அது தூங்குற செல்லுல இருக்கக் கூடாது. அதக் காட்டினா பதிவ நீட்டி எடுக்கலாம். இல்லாட்டி இந்த ஆராய்ச்சி இதோட சரி."

"ஒண்ணு போதுமா மேடம்?"

"ஒண்ணு போதும். ஆனா சுத்தமா இருக்கணும்."

அந்த ஒன்றுக்காகத்தான் நான் அந்த ஜெல் அறையில் கிடந்தேன். செல்களைக் கையாளுகிற அறை வேறு, அங்கே கட்டுப்பாடு அதிகம். இந்த ஜெல் அறை சாதாரண அறை. ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய மெசின் இருப்பதால் ஏசியை ஒருநாளும் குறைக்க மாட்டார்கள். கண்டிக் குளிர் போதாதென்று அதற்குள் ஏசிக் குளிர். அரை நாள் உட்கார்ந்து நீலக் கோடுகளை பிளேடால் வெட்டினால் கை நடுங்கும். கோடு கோணலாகும்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். அங்கேதான் கதை கெட்டது.

கணபதியின் அக்கா நல்லம்மா எல்கடுவப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். மழைக்கும் குளிருக்கும் தோட்டத்தில் போட்டுக்கொள்கிற கறுப்புக் கம்பளி அவர் வீட்டில் புதிதாக ஒன்று இருந்தது. இவர் போய் ஒரு பை சாதிக்காயைக் கொடுத்து அதை வாங்கி வந்து, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, கையில்லாத சட்டை மாதிரி தைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இதப் போட்டுக்க. மேல வெள்ளக் கோட்டு போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கம்மா இதப் போட்டுக்கிட்டுத்தான் பனியில மல ஏறினிச்சி. ஒங்க ஏசி என்னா பெரிய ஏசி."

போட்டுப் பார்த்தேன். கழுத்தில் குத்தியது. ஆனால் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு சூடு. அதற்குப் பிறகு என் கை நடுங்கவில்லை. கோடுகளை நூல் பிடித்த மாதிரி வெட்டினேன். நூருன்னிஸா மேடமே, "டீச்சர், கை நல்லா செட் ஆயிட்டு" என்றார். வெட்டிய துண்டுகளை டியூபில் போட்டு கொழும்புக்கு அனுப்பினோம்.

ரிசல்ட் வந்த அன்று மேடம் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"டீச்சர், ஒங்கட வீட்டுல ஆடு வளக்கிறீங்களா?"

"இல்லையே மேடம். ஒரு பூனைதான்."

"பூனை வரல்ல. ஆடு வந்தீக்கி. செம்மறி ஆடு. எழும்பின டியூபுலயும் ஆடு, தூங்குற டியூபுலயும் ஆடு. எல்லாம் கெரட்டின்."

கெரட்டின் என்றால் முடி, நகம், கொம்பு, தோலின் மேல் படை, இதெல்லாம் எதனால் ஆனதோ அந்தப் புரதம். மெசின் ஒரு நேரத்தில் இவ்வளவு துண்டுகளைத்தான் நிறுக்கும். ஆட்டு முடிப் புரதம் குவியலாக இருந்தால் அதையே நிறுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சமாக இருக்கிற வைரஸ் புரதத்தின் பக்கம் திரும்பியே பார்க்காது.

"மனுசன்ட கெரட்டின் வாறது எல்லா லேபுலயும் ஈக்கி. நம்மட தோல்தான், தலமுடிதான். அதுக்குத்தான் க்ளவுஸ் போடுங்க, தொப்பி போடுங்கன்னு சொல்ற. ஆனா ஆடு எங்கால வந்த?"

நான் யோசித்தேன். ஜெல் வெட்டிய அன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹோட்டலில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"ரோல்ஸ்ல முடி இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"அப்ப ரோல்ஸ் இல்ல."

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. ஃப்ரீசரில் எழும்பிய செல் ஒரு டியூபும் தூங்குகிற செல் ஒரு டியூபும்தான் மிச்சம். ஒரு ஜெல்லுக்குத்தான் போதும். புதிதாகச் செல் வளர்த்து எடுக்க நாள் இல்லை. ஆடு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதையும் ஓட விட்டால், அதிலும் ஆடு வரும். நூருன்னிஸா மேடம் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போவார். நான் றிப்னாவிடம் போய், எனக்குத் தெரியாதம்மா என்று சொல்ல வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து கணபதியிடம் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஆடா? கேன்சர் வைரஸ்ல ஆடா?"

"வைரஸ்ல இல்லைங்க. டியூபுக்குள்ள. எங்கேயோ இருந்து ஆட்டு முடி விழுந்திருக்கு."

"ஒங்க லேபுக்குள்ள ஆடு வருமா?"

"நாலாவது மாடிங்க."

"நெஸ்டமோல்ட் குடிச்ச ஆடா இருக்கும், படி ஏறும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு துருவலைப் பார்த்தார்.

நான் பஸ்ஸுக்குப் போட்டிருந்த வெள்ளைப் பாவாடையைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடியில் போட எழும்பியபோது, வாசல் வெயில் பாவாடையில் பட்டது. பாவாடை முழுக்கச் சின்னச் சின்னச் சுருள் முடி. தட்டினேன். வெயிலில் பறந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி பறந்தது.

"என்னங்க."

"என்னா?"

"கம்பளி எதுல செய்றாங்க?"

அவர் கையில் தேங்காய் மூடியோடு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். மழை பெய்தால் கம்பளி, பனி பெய்தால் கம்பளி, பிள்ளை பிறந்தால் சுற்றக் கம்பளி. கம்பளி என்றால் எங்களுக்கு ஸ்டோரில் கொடுக்கிற கறுப்புத் துணி. அது ஒரு காலத்தில் ஒரு ஆட்டின் முதுகில் இருந்தது என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆட்டு முடி கெரட்டின் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவள் நான். வெள்ளைக் கோட்டுக்குள் அதையே போட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து ஜெல் வெட்டியிருக்கிறேன். கழுத்து வழியாகவும் கை வழியாகவும் முடி உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஐயோ" என்றார் கணபதி. "நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மணி நேரமாக வராத சிரிப்பு. அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரும் சிரித்தார். ஆடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதே! இனி மிச்சம் இருக்கிற டியூபைப் பயமில்லாமல் எடுக்கலாம்.

அன்று மாலையே மேடத்துக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம், "அல்லாவே, கம்பளியா!" என்று ஒரு சத்தம். பின்னால் அவர் உம்மா "என்ன மகள்? என்ன?" என்று கேட்பதும் கேட்டது.

மறு ஜெல்லுக்கு நான் போன நாளைத்தான் எங்கள் ரோட்டில் இன்னும் பேசுகிறார்கள். கணபதி ஸ்பைஸ் கார்டனுக்கு லீவு போட்டுவிட்டார். வீட்டில் கம்பளி என்று ஒன்று இருக்கக் கூடாது என்று தலையணைக்குக் கீழ் கிடந்த பழைய தொப்பியைக்கூட வெளியே போட்டார். பூனை என் பக்கம் வந்தால் துரத்தினார். என்னைப் பருத்திச் சேலை கட்டச் சொன்னார். பஸ்ஸில் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

"பஸ்ல ஏறுறவன் எல்லாம் சுவட்டர் போட்டிருப்பான். ஒம்மேல ஒரசுவான்."

பக்கத்து வீட்டு நிஸ்தாரின் த்ரீவீலைக் கூப்பிட்டார். நிஸ்தாருக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை, கேட்காமலும் பழக்கமில்லை. கணபதி ஈரத் துணியால் அவர் சீட்டைத் துடைக்கத் தொடங்கியதும் கேட்டுவிட்டார்.

"என்ன மச்சான், என்ட வண்டில பேயா?"

"ஆட்டு முடி இருக்கான்னு பாக்கிறேன். டீச்சர் டியூபுல செம்மறி ஆட்டு முடி விழுந்து எல்லாம் கெட்டுப் போச்சி."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் ஆடு ஏத்தின. அது அப்பவே கழுவியாச்சி."

"ஆடு ஏத்தினியா?" கணபதி துணியை இன்னொரு தடவை நனைத்தார்.

"வெள்ளாடு மச்சான்! டீச்சருக்கு வந்தது செம்மறின்னு தானே சொன்னீங்க?"

"எல்லா ஆடும் ஆடுதான். தள்ளு."

நான் நடு ரோட்டில் பருத்திச் சேலையோடு நின்று சிரித்தேன். கடைசியில் சீட்டின் மேல் புது பிளாஸ்டிக் தாள் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். கண்டி வரைக்கும் நிஸ்தார், "ஆட்டு டீச்சர், காத்து கூடவா? ஆட்டு டீச்சர், கொறைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். பெயர் அன்றுதான் விழுந்தது.

ஏசி அறையில் அன்று நான் பட்ட குளிரைச் சொல்ல முடியாது. மேடம் எனக்கு உள்ளே போட இரண்டு பருத்தி டீசர்ட் கொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் வெட்டுவேன், கதவுக்கு வெளியே வந்து வெயிலில் நிற்பேன், புது க்ளவுஸ் மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போவேன். மேஜை, பிளேடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழுவிக் கழுவித் துடைத்தோம். கோடுகள் கொஞ்சம் கோணல்தான். ஆனால் துண்டுகள் சுத்தமாக டியூபுக்குள் போயின. அன்றே கொழும்புக்கு அனுப்பினோம்.

பிறகு காத்திருப்பு. ரிசல்ட் வரவில்லை. கொழும்பில் மெசின் பிஸி என்றார்கள். மாசிப் போயா வந்துவிட்டது. நாளைக்குக் கூட்டம்.

மாத்தளையில் மாசி மகத் தேர் என்றால் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. முத்துமாரியம்மன் தேர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். கணபதி என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மனசு அங்கே இல்லை. கையில் போனைப் பிடித்தபடியே நின்றேன். கூட்டத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு தடவை மேடத்தின் பெயர் திரையில் வந்தது. எடுத்தேன். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கட்டாகிவிட்டது.

"யாரு?" என்றார் கணபதி.

"மேடம். ஒண்ணும் கேக்கல."

"தம்பி கடையிலதான் இருப்பாங்க. வா."

மேடத்தின் தம்பிக்கு மெயின் ரோட்டில் துணிக்கடை. தேர் நாளில் கடை வாசலில் பெரிய பாத்திரத்தில் சர்பத் கரைத்து ஊற்றுவார்கள். நாங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனோம். கணபதி முன்னால் போய், "வழி விடுங்க, அவசரம், வழி விடுங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார். ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்ததும் ஜெர்மனிலும் ஏதோ கத்தினார்.

மேடம் சர்பத் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைத் தூக்கிக் காட்டினார்.

எழும்பிய டியூபில் என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். நான் கேட்டது வேறு.

"மேடம், தூங்குற டியூபுல?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"வைரஸ்ட புரதம் ஒண்ணுமே இல்ல டீச்சர். சுத்தம். எழும்பின டியூபுல நாலு ஈக்கி. நாலு!"

ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி திரையைக் காட்டினார். எழுத்து சின்னது, என் கண்ணாடி வீட்டில். அவரே படித்தார். ஒன்று, பிரிந்து நிற்கிற டி.என்.ஏ. இழையைப் பிடித்துக்கொள்கிற புரதம். இன்னொன்று, ஓ.ஆர்.எஃப். ஐம்பத்தொன்பது என்று பெயர். பிரதி எடுக்கிற எந்திரம் டி.என்.ஏ.யிலிருந்து வழுக்கி விழாமல் கவ்விப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும். மற்ற இரண்டையும் அவர் சொன்னபோது தேர் கிட்டே வந்துவிட்டது, பாதிதான் காதில் விழுந்தது.

"எழும்பினவொடன செய்ற வேல" என்றேன். "றிப்னாவுக்கு இதத்தான் சொல்லணும்."

"யாரு றிப்னா?"

"என் பிள்ள மேடம். பள்ளிக்கூடத்துப் பிள்ள."

"நாளைக்கு கூட்டத்துல நான் இதக் காட்டுவேன். இன்ஷா அல்லாஹ் நீட்டித் தருவாங்க. ஆனா டீச்சர், ஒரு தரம் கண்டது போதாது. இன்னும் ரெண்டு தரம் புதுச் செல்லுல செய்யணும். பொறகு, இங்க பாருங்க." விரலால் திரையைக் கீழே தள்ளினார். "இது அஞ்சாவது. ஒரே ஒரு துண்டுதான் கெடச்சீக்கி. வைரஸ்டதான், ஆனா ஒரு துண்ட வச்சி ஒண்ணும் சொல்ல ஏலா. அடுத்த தரமும் வந்தா மட்டும்தான் நம்பலாம்."

அந்த ஐந்தாவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருமே இன்னும் உறுதியாகச் சொல்லாத ஒன்று. இரண்டு தரம் செய்ய வேண்டும் என்றால் எத்தனை குளிர், எத்தனை பஸ். ஆனால் எனக்கு அப்போதே கண்டிக்குப் போக வேண்டும் போல இருந்தது.

"மேடம், புதுச் செல் வளக்க நாளைக்கே வரவா?"

"நாளைக்கு கூட்டம் டீச்சர்! நாளண்டைக்கு வாங்க."

கணபதிக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெடச்சிருச்சா?"

"நாலுங்க! அஞ்சாவதும் இருக்கும் போல!"

அவருக்கு அது போதும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். அந்த நேரம் தேர் எங்களுக்கு நேராக வந்து நின்றது. வடம் பிடித்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆயிரம் பேர் "அரோகரா" என்று கத்தினார்கள்.

நானும் கத்தினேன். "ஓ.ஆர்.எஃப். ஐம்பத்தொன்பது!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்லித் தலையை ஆட்டினார். மேடம் என் கையில் ஒரு கிளாஸ் சர்பத்தைத் திணித்தார். வடம் மறுபடி இறுகியது. கணபதி ஓடிப் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.